மணிக்கூண்டும் ஊர்மொழியும்: பிரெஞ்சு நாட்டுப்புறத் தேவாலயங்கள் காட்டும் வரலாறு



மொழி குறித்த சொற்பொழிவு வரிசையில் தேவாலயக் கட்டடங்களைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். பிரான்சு நாட்டின் சிற்றூர்களுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுவதும் இயல்பே. அந்நாட்டு ஊர்ப்புறங்களில் ஆயிரம் ஆண்டுகளாக இரண்டு செல்வங்கள் அருகருகே வாழ்ந்து வந்தன. ஒன்று, ஊர் நடுவே நிற்கும் கற்கோயில். மற்றொன்று, அக்கோயிலில் கூடிய மக்கள் பேசிய ஊர்மொழி. முதலாவது இன்றும் பெரும்பாலும் நிற்கிறது; இரண்டாவது பல ஊர்களில் மறைந்துவிட்டது. ஒரே மண்ணில், ஒரே மக்களிடையே, ஒரே அரசின்கீழ் இருந்த இவ்விரண்டின் கதியும் இவ்வாறு வேறுபட்டதற்குக் காரணம் என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

1. ஊரின் நடுவே ஒரு கோபுரம்

பிரெஞ்சு நாட்டுப்புறச் சாலையில் செல்லும் பயணி, ஊரைக் காண்பதற்கு முன் அதன் மணிக்கூண்டைக் காண்பான். கோதுமை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் மேலே அது தலைகாட்டும். புர்கோஞ் பகுதியில் அது தடித்த சுண்ணாம்புக்கல் கோபுரமாக இருக்கும். மேற்குக் கோடியிலுள்ள பிரித்தனியில் காற்று ஊடுருவிச் செல்லும் துளைகளோடு கருங்கல்லில் செதுக்கிய கூர்முனையாக இருக்கும். ஊருக்குள் நுழைந்தால், தேவாலயத்தைச் சூழ்ந்தோ அதன் எதிரிலோ ஊராட்சி மன்றமும், பழைய பள்ளிக்கூடமும், போரில் இறந்தோர் பெயர் பொறித்த நினைவுக்கல்லும் அமைந்திருக்கும்.

இந்த அமைப்புக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரான்சில் இன்று ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ளன. இவற்றைக் 'கொம்யூன்' என்பர். 1789 ஆம் ஆண்டின் இறுதியில் புரட்சி அரசு இவற்றை வகுத்தபோது, பெரும்பாலும் பழைய பங்குகளின் எல்லைகளையே ஏற்றுக்கொண்டது. ஒரு தேவாலயத்தின் மணியோசைக்குக் கட்டுப்பட்ட மக்கள் அனைவரும் ஓர் ஊரார் எனக் கருதப்பட்டனர். உழவுக்கு எழுவதும், உணவுக்குத் திரும்புவதும், தீப்பற்றியபோது ஓடிவருவதும், இறப்பை அறிவதும் அம்மணியின் வழியாகவே நிகழ்ந்தன. சொந்த ஊர்ப்பற்றைக் குறிக்க 'மணிக்கூண்டு மனப்பான்மை' என்று பொருள்படும் தொடர் ஒன்று பிரெஞ்சு மொழியில் இன்றும் வழங்குகிறது.

ஊராரின் பிறப்பும் இறப்பும் எழுத்தில் பதிந்த இடமும் அதுவே. 1539 இல் அரசர் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்தரே என்னும் ஊரில் பிறப்பித்த ஆணை, பங்குத்தந்தையர் ஞானமுழுக்குப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என விதித்தது. அதே ஆணைதான் நீதிமன்ற ஆவணங்கள் இலத்தீனை விடுத்துப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஊர்த் தேவாலயத்தின் வரலாறும் அரச மொழியின் வரலாறும் ஒரே ஆவணத்தில் சந்திக்கும் இடம் இது. ஆனால் தேவாலயத்துக்கும் மக்கள் மொழிக்கும் உள்ள உறவு இதனினும் எழுநூறு ஆண்டுகள் மூத்தது.

2. மக்களுக்கு விளங்கும் மொழியில்

813 ஆம் ஆண்டு, பேரரசர் சார்லமேனின் ஆட்சிக்காலத்தில், தூர் நகரில் ஆயர்கள் அவை ஒன்று கூடியது. வழிபாட்டு மொழி இலத்தீன். மக்களோ நெடுங்காலமாகத் திரிந்து மாறிய பேச்சு மொழியைப் பேசிவந்தனர். பலிபீடத்தில் ஒலித்த இலத்தீன் அவர்களுக்கு விளங்காத நிலை வந்துவிட்டது. ஆகவே மறையுரைகளை நாட்டுப்புற ரோமன் மொழியிலோ செர்மானிய மொழியிலோ மக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளும்படி பெயர்த்துரைக்க வேண்டும் என அவ்வவை தீர்மானித்தது.

மொழி வரலாற்று அறிஞர்கள் இத்தீர்மானத்தைப் பெரிதும் போற்றுவர். இலத்தீனினின்று வேறான ஒரு மொழி பிறந்துவிட்டது என்பதை அதிகாரம் படைத்த ஓர் அவை ஒப்புக்கொண்ட தொடக்கச் சான்றுகளுள் இது தலையாயது. பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துச் சான்றாகக் கருதப்படும் ஸ்திராஸ்பூர் உறுதிமொழிகள் எழுந்தது இதற்குப் பின்னர்தான், 842 இல். அரசவையும் கல்விக்கூடமும் ஏற்காத காலத்திலேயே ஊர்மொழிக்கு இடங்கொடுத்தது ஊர்த் தேவாலயத்தின் மறையுரை மேடை. எழுத்தறியா உழவன் தன் தாய்மொழியைப் பொது அவையில், மதிப்புக்குரிய ஒருவர் வாயிலாகக் கேட்ட இடம் அநேகமாக அது ஒன்றே.

3. கல்லில் எழுதிய நூல்

ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, இன்று நாம் காணும் கற்கோயில்கள் பெருமளவில் எழத் தொடங்கின. ராவுல் கிளாபேர் என்னும் புர்கோஞ் பகுதித் துறவி அக்காலத்தை வருணிக்கையில், உலகம் தன் பழைமையை உதறிவிட்டு வெண்மையான தேவாலயங்களை ஆடையாக உடுத்தியது போல் இருந்ததாக எழுதினார். அரைவட்ட வளைவுகளும் தடித்த சுவர்களும் சிறு சாளரங்களும் கொண்ட அப்பாணியை ரோமானெஸ்க் பாணி என்பர். 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பாரிசைச் சுற்றிய பகுதியில் எழுந்த கோதிக் பாணி கூர்வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் கொண்டது. ஆயினும் பல சிற்றூர்கள் தங்கள் பழைய அரைவட்ட வளைவுகளையே காத்துவந்தன. புதுப்பிக்கப் பொருளில்லாமை பல வேளைகளில் பழைமையைக் காப்பாற்றியிருக்கிறது.

இத்தேவாலயங்களில் வாயில்நிலைக்கு மேலுள்ள அரைவட்டச் சிற்பப் பரப்பும், தூண்களின் தலைமேல் அமர்ந்த போதிகைகளும் தனிச்சிறப்பு வாய்ந்தவை. மறைநூல் கதைகளையும், மாதந்தோறும் நடக்கும் உழவு வேலைகளையும், பாவத்துக்குரிய தண்டனைகளையும் அவை காட்டுகின்றன. தமிழ்நாட்டுக் கோயில் தூண்களில் புராணக் காட்சிகளைக் கண்டு பழகியோர்க்கு இவற்றின் நோக்கம் எளிதில் விளங்கும்.

மூன்று இடங்களை மட்டும் இங்குச் சுட்டுகிறேன்.

முதலாவது, புர்கோஞ் பகுதியில் குன்றின்மேல் அமைந்த வெசலே. மகதலா மரியாவின் பெயரால் விளங்கும் அதன் தேவாலயத்துக்கு இடைக்காலத்தில் திருப்பயணிகள் திரண்டனர். 1146 இல் புனித பெர்னார்து இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தது இவ்வூரில்தான். உள்வாயிலின்மேல் உள்ள 12 ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், கிறித்துவின் விரிந்த கைகளிலிருந்து ஒளிக்கதிர்கள் சீடர்களின் தலைமேல் பாய்கின்றன. கீழும் சுற்றிலும் உலகின் பல்வேறு மக்களினங்கள் வரிசையாக வருகின்றன. நாய்முகம் கொண்டோர், முறம்போன்ற காதுடையோர், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர் எனத் தாம் கண்டிராத தொலைநாட்டாரையெல்லாம் சிற்பி கற்பனையில் கண்டிருக்கிறார். சீடர்கள் பல மொழிகளில் பேசத் தொடங்கிய நிகழ்ச்சியோடு இச்சிற்பத்தைப் பலர் தொடர்புபடுத்துவர். எந்த மக்களுக்கும் அவரவர் மொழியிலேயே செய்தி சென்று சேர வேண்டும் என்ற எண்ணம் அங்குக் கல்லாகி நிற்கிறது.

இரண்டாவது, ஓத்தன் என்னும் சிறு நகரம். அதன் பெருங்கோயில் வாயிலில் இறுதித் தீர்ப்புக் காட்சியின் நடுவே, கிறித்துவின் காலடியில், ஜிஸ்லேபெர்துஸ் இதைச் செய்தார் எனப் பொருள்படும் இலத்தீன் வரி பொறிக்கப்பட்டுள்ளது. அது சிற்பியின் பெயரா, புரவலரின் பெயரா என அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 1766 இல் அங்கிருந்த குருமார் இச்சிற்பத்தை நாகரிகமற்றது எனக் கருதிச் சுண்ணச்சாந்து பூசி மறைத்தனர். முன்தள்ளி நின்ற கிறித்துவின் தலை பூச்சுக்குத் தடையானமையால் அதை உடைத்து நீக்கினர். அந்த அவமதிப்பே சிற்பத்துக்குக் கவசமாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் புரட்சிக் காலத்தில் சிலைகள் உடைபட்டபோது, இது கண்ணில் படாமல் தப்பியது. 1837 இல் பூச்சு அகற்றப்பட்டது. 1948 இல் தலையும் மீண்டும் பொருத்தப்பட்டது.

மூன்றாவது, தெற்கே மலைப்பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கும் கோங்க். சில நூறு பேரே வாழும் இச்சிற்றூரில் புனித ஃபுவா என்னும் இளம் மறைசாட்சியின் பெயரால் 11, 12 ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த பெரிய தேவாலயம் நிற்கிறது. பொன்தகடு வேய்ந்து மணிகள் பதித்த அப்புனிதையின் திருவுருவம் ஐரோப்பாவின் மிகப் பழைய திருவுருவங்களுள் ஒன்று. புரட்சிக் காலத்தில் தேவாலயச் செல்வங்கள் பறிமுதலானபோது, ஊர் மக்களே அவற்றைத் தங்கள் வீடுகளிலும் நிலங்களிலும் மறைத்து வைத்து, ஆபத்து நீங்கியபின் திருப்பித் தந்தனர் என்பது அவ்வூரார் பெருமையோடு கூறும் செய்தி. ஏழை உழவர் பொன்னை வைத்துக்கொள்ளாமல் திருப்பித் தந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. இப்புனிதையைப் பற்றி 11 ஆம் நூற்றாண்டில் எழுந்த பாடல் ஒன்றும் உண்டு. அது பிரெஞ்சில் எழுதப்படவில்லை. தென்பகுதி மக்களின் ஓக்சிதான் மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் இன்று கிடைக்கும் மிகப் பழைய இலக்கியங்களுள் அதுவும் ஒன்று.

4. பிரித்தனி: அகராதியும் ஓவியத் திரையும்

மேற்குக் கோடியிலுள்ள பிரித்தனியில் மக்கள் பேசிய பிரெத்தோன் மொழி, இலத்தீனிலிருந்து வந்ததன்று. அது கெல்திய இனத்தைச் சேர்ந்தது. வேல்சு மொழிக்கு உறவு. இலத்தீனும் பிரெஞ்சும் கற்க விழைந்த அப்பகுதி இளங்குருமார்க்கு உதவ எண்ணிய ஜெகான் லாகாதெக் என்னும் குரு, 1464 இல் ஓர் அகராதியைத் தொகுத்தார். 'கத்தோலிகோன்' எனப்படும் அந்நூல் 1499 இல் திரேகியே என்னும் ஊரில் அச்சேறியது. பிரெத்தோன், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மும்மொழிச் சொற்களும் அதில் உள்ளன. பிரெத்தோன் மொழிக்கு அதுவே முதல் அகராதி. பிரெஞ்சு மொழிக்கும் அதையே முதல் அகராதி என்பர். மாபெரும் பிரெஞ்சு மொழியின் முதல் அகராதி தலைநகரில் பிறக்கவில்லை. ஒரு சிறுபான்மை மொழிக்கு உதவ விழைந்த நாட்டுப்புறக் குரு ஒருவரின் மேசையில் பிறந்தது.

17 ஆம் நூற்றாண்டில் மிசேல் ல நோப்லே என்னும் குரு, ஆட்டுத் தோலில் வரைந்த ஓவியத் திரைகளை ஊர்தோறும் எடுத்துச் சென்று, கோலால் சுட்டிக்காட்டிப் பிரெத்தோன் மொழியில் விளக்கி மறைக்கல்வி கற்பித்தார். அவருக்குப் பின்வந்த இயேசு சபைத் துறவி ஜூலியன் மோனுவார், அம்மொழியைக் கற்றுத் தேர்ந்து 1659 இல் அதற்கு இலக்கணமும் சொற்கோவையும் வெளியிட்டு, எழுத்து முறையையும் திருத்தியமைத்தார். இதே நூற்றாண்டில் அதே சபையைச் சேர்ந்த தத்துவ போதகர் மதுரையில் தமிழ் கற்று உரைநடை நூல்கள் இயற்றினார் என்பதைத் தமிழ் மாணவர் நினைவுகூரலாம். தொலைநாட்டுத் தமிழுக்கும் உள்நாட்டுப் பிரெத்தோனுக்கும் அச்சபையார் கையாண்ட அணுகுமுறை ஒன்றே.

அவ்வூர்களின் தேவாலயங்களும் அவ்வாறே மக்களோடு பேசின. கிமிலியோ என்னும் சிற்றூரில் 1581 முதல் 1588 வரை எழுப்பப்பட்ட கல்வாரிச் சிற்பத் தொகுதியில் ஏறத்தாழ இருநூறு உருவங்கள் உள்ளன. மறைநூல் காட்சிகளாயினும், பலர் அக்காலத்து உடையில் நிற்கின்றனர். சணல்துணி வாணிகத்தால் வளம்பெற்ற உழவர்கள் தங்கள் ஊர் அண்டை ஊரை மிஞ்ச வேண்டும் என்ற போட்டியில் பொருள் கொடுத்து எழுப்பிய கலைச்செல்வம் அது.

5. ஒரே ஆண்டு, ஒரே மனிதர், இரண்டு அறிக்கைகள்

1789 நவம்பர் 2 ஆம் நாள், தேவாலயச் சொத்துகள் அனைத்தும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1792 இல் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பங்குத்தந்தையிடமிருந்து ஊராட்சி மன்றத்துக்கு மாற்றப்பட்டன. 1793 சூலையில் வந்த ஆணை, ஒவ்வொரு பங்கிலும் ஒரே ஒரு மணியை விட்டுவைத்து, ஏனையவற்றைப் பீரங்கி வார்ப்பதற்கு அனுப்பச் சொன்னது. பெயர் சூட்டி, ஞானப்பெற்றோர் வைத்து வளர்த்த பிள்ளைகளைப் போல் ஊரார் போற்றிய மணிகள் அவை.

கட்டடங்களும் தப்பவில்லை. குளுனி மடம் 910 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. அதன் மூன்றாம் தேவாலயம் 1088 இல் தொடங்கப்பட்டு, 180 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தோடு, உரோமையில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயமாக விளங்கியது. 1798 இல் அது வணிகர்க்கு விற்கப்பட்டது. அவர்கள் அதை இடித்து, கற்களைக் கட்டடப் பொருளாக விற்றனர். இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த அழிவைக் கண்டு குரல் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஆன்றி கிரெகுவார். அவர் லொரேன் பகுதியில் ஆம்பெர்மெனில் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாக இருந்தவர். புரட்சி மன்றத்தின் உறுப்பினர். அடிமை முறையை எதிர்த்தவர். யூதர்களின் உரிமைக்காக வாதாடியவர். 1794 ஆகஸ்டில் அவர் மன்றத்தில் படித்த அறிக்கை, கலைச்சின்னங்களை அழிப்போரைக் கடுமையாகக் கண்டித்தது. பண்டை உரோமையைச் சூறையாடிய வாண்டல் இனத்தாரின் பெயரைக் கொண்டு 'வாண்டலிசம்' என்னும் சொல்லைப் படைத்து வழங்கச் செய்தவர் அவரே. பழைய கட்டடங்கள் மன்னரின் உடைமையோ மதத்தின் உடைமையோ ஆகா, மக்கள் அனைவரின் பொதுச்சொத்து என்ற கருத்து வேரூன்ற அவர் பெரிதும் காரணமானார்.

ஆனால் அதே 1794 இல், அதற்கு மூன்று திங்களுக்கு முன், ஜூன் 4 ஆம் நாள் அவர் படித்த மற்றோர் அறிக்கை உண்டு. ஊர்மொழிகளை அழித்துப் பிரெஞ்சு மொழியை எங்கும் பரப்ப வேண்டியதன் தேவை என்பதே அதன் தலைப்பின் சாரம். நாட்டின் பல பகுதிகளுக்கும் 1790 முதல் வினாப்பட்டியல் அனுப்பி விடைகள் பெற்று அவர் அதை எழுதினார். குறைந்தது அறுபது இலட்சம் பிரெஞ்சு மக்கள், சிறப்பாக நாட்டுப்புறத்தார், நாட்டு மொழியை அறியார் என்றும், ஏறத்தாழ அதே அளவினர் அம்மொழியில் தொடர்ந்து உரையாட இயலாதவர் என்றும், அதைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது இலட்சத்தைத் தாண்டார் என்றும் அவர் கணித்தார்.

அவருடைய நோக்கம் தீயதன்று. சட்டத்தை அறியாத குடிமகன் உரிமையைக் காக்க இயலாது. மொழி தெரியாதவன் ஏமாற்றப்படுவான். ஆகவே சமத்துவத்துக்கு ஒரு மொழி வேண்டும் என அவர் கருதினார். பொதுமொழியைக் கற்பிக்க வேண்டும் என்ற அளவில் அவர் வாதத்தில் நியாயம் உண்டு. அதற்காகத் தாய்மொழியை ஒழிக்க வேண்டும் என்று அவர் மேற்சென்றதே பிழை. கல்லை உடைப்பவனை வாண்டல் என்று அழைத்த அவரது கண்ணுக்கு, சொல்லை உடைப்பது சீர்திருத்தமாகத் தோன்றியது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் பிரெஞ்சு அரசு இவ்விரு அறிக்கைகளின் வழியையும் ஒருசேரப் பின்பற்றியது.

6. கல்லுக்குக் காவல், சொல்லுக்குத் தடை

கல்லைக் காக்கும் பணி படிப்படியாக வலுப்பெற்றது. 1830 இல் வரலாற்றுச் சின்னங்களுக்கெனத் தலைமை ஆய்வாளர் பதவி ஏற்பட்டது. 1834 முதல் அப்பதவியை வகித்தவர் எழுத்தாளர் புரொஸ்பேர் மெரிமே. அவர் குதிரை வண்டிகளில் நாடெங்கும் சுற்றி, சிதைந்து கிடந்த கோயில்களைக் கண்டு அறிக்கைகள் எழுதினார். இடிந்து விழும் நிலையிலிருந்த வெசலே தேவாலயத்தைச் சீரமைக்கும் பொறுப்பு 1840 இல் வியோலே-ல-துயுக் என்னும் இளங்கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவர்க்கு வயது 26. அதே ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்களின் முதல் பட்டியல் வெளியாயிற்று. 1837 இல் கோங்க் சென்ற மெரிமே, இத்தகைய செல்வத்தை அத்தனிமையில் காண்போம் என எதிர்பார்க்கவில்லை என்று வியந்தார்.

இதே நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களில் நடந்தது வேறு. 1881, 1882 ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்களால் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. ஏழை மக்களுக்கு அது பெரும்பேறு. ஆயினும் அப்பள்ளிகளில் பிரெஞ்சு ஒன்றே இடம்பெற்றது. பிரித்தனியிலும் ஓக்சிதான் பகுதிகளிலும், தாய்மொழியில் பேசி அகப்பட்ட மாணவனிடம் ஒரு மரத்துண்டையோ பழைய மரச்செருப்பையோ கொடுத்து வைத்திருக்கச் செய்யும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அடுத்து ஒருவன் ஊர்மொழி பேசினால், அதை அவனிடம் தள்ளிவிடலாம். நாளின் முடிவில் அது யாரிடம் உள்ளதோ அவனுக்குத் தண்டனை. தன் தோழனைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கும் பழக்கத்தை அது பிள்ளைகளுக்குக் கற்பித்தது. அதைவிடக் கொடியது, தாய் பேசும் மொழி வெட்கத்துக்குரியது என்னும் எண்ணத்தை அவர்கள் உள்ளத்தில் விதைத்தது.

ஊர்மொழிக்கு எஞ்சியிருந்த பொதுமேடை தேவாலயமே. அங்கும் கட்டுப்பாடு வந்தது. அக்காலத்தில் குருமார்க்கு அரசே ஊதியம் அளித்துவந்தது. 1902 இல் தலைமையமைச்சர் எமில் கோம்ப், மறையுரையிலும் மறைக்கல்வியிலும் பிரெத்தோன் மொழியை மிகையாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்து சுற்றறிக்கை விடுத்தார். இணங்காத குருமார் பலருடைய ஊதியம் நிறுத்தப்பட்டது. 813 இல் தூர் அவை திறந்துவிட்ட கதவை, 1,089 ஆண்டுகளுக்குப் பின் ஓர் அரசாணை மூட முயன்றது.

1905 டிசம்பர் 9 ஆம் நாள் அரசும் மதமும் பிரிக்கப்பட்டன. அச்சட்டத்தையும் அதைத் தொடர்ந்த சட்டங்களையும் ஒட்டி, பேராலயங்கள் அரசின் உடைமையாகவும், ஊர்த் தேவாலயங்கள் ஊராட்சிகளின் உடைமையாகவும் நிலைபெற்றன. வழிபாட்டு உரிமை பங்கு மக்களுக்கு. கூரை பழுதானால் பொறுப்பு ஊராட்சிக்கு. நம்பிக்கையற்ற ஊர்த்தலைவரும் மணிக்கூண்டின் ஓடு பெயர்ந்தால் கவலைகொள்ளும் விந்தையான நிலை இதனால் உண்டாயிற்று. சில ஊராட்சிகள் செலவுக்கு அஞ்சித் தேவாலயங்களை இடிய விட்டபோது, எழுத்தாளர் மோரிஸ் பாரேஸ் நாடாளுமன்றத்தில் அவற்றுக்காக வாதாடினார். 1913 டிசம்பர் 31 இல் நிறைவேறிய சட்டம் வரலாற்றுச் சின்னங்களின் பாதுகாப்புக்கு உறுதியான அடித்தளம் இட்டது.

ஏறத்தாழ ஏழு திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் படைவீரர் மாண்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் உழவர். மிகச் சிறிய ஊரின் நினைவுக்கல்லிலும் ஒரே குடும்பப்பெயர் இரண்டு, மூன்று முறை அடுத்தடுத்து வருவதைக் காணலாம். ஊர்மொழியைத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய தலைமுறையின் ஒரு பகுதி அக்கல்லில் பெயராக நின்றுவிட்டது. போருக்குப்பின் நகரங்களை நோக்கிய குடிபெயர்வும், வானொலியும், பின்னர்த் தொலைக்காட்சியும் எஞ்சியதைக் கரைத்தன.

7. பூட்டிய கதவும் ஊராட்சியின் சாவியும்

இன்று பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஒரு குருவுக்குப் பல ஊர்கள்; பல தேவாலயங்களில் ஆண்டுக்குச் சில முறையே திருப்பலி நடைபெறுகிறது. கதவு பூட்டியிருந்தால் சாவியை ஊராட்சி மன்றத்திலோ அண்டை வீட்டிலோ கேட்டுப் பெற வேண்டும். ஆயினும் கூரையைச் சீரமைக்க ஊரார் நன்கொடை திரட்டுகின்றனர். 2018 முதல் பாரம்பரியச் சின்னங்களுக்கெனத் தனியாகப் பரிசுச்சீட்டுக் குலுக்கலே நடத்தப்படுகிறது. கோங்க் தேவாலயத்துக்கு ஓவியர் பியேர் சுலாஜ் வடிவமைத்த 104 சாளரங்கள் 1994 இல் பொருத்தப்பட்டன. வண்ணமற்ற அக்கண்ணாடிகள், நாளின் பொழுதுக்கேற்பத் தாமே நிறம் மாறுகின்றன. பழைய கட்டடம் புதிய கலைக்கு இடமளித்து வாழ்கிறது.

மொழியின் நிலை என்ன? 1951 இல் நிறைவேறிய தெக்சோன் சட்டம் பிரெத்தோன், பாஸ்கு, கத்தலான், ஓக்சிதான் ஆகியவற்றைப் பள்ளிகளில் விருப்பப்பாடமாகக் கற்பிக்க முதன்முறையாக இசைவு தந்தது. 1977 இல் பிரித்தனிப் பெற்றோர் சிலர் 'திவான்' என்னும் பெயரில் பிரெத்தோன் வழிப் பள்ளியைத் தொடங்கினர். முளை என்பது அச்சொல்லின் பொருள். 1992 இல், குடியரசின் மொழி பிரெஞ்சு என அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 2008 இல், வட்டார மொழிகள் பிரான்சின் பாரம்பரியத்தைச் சேர்ந்தவை என்னும் வரி சேர்க்கப்பட்டது. பாரம்பரியம் என்பது பழைய தேவாலயங்களுக்கு வழங்கும் அதே சொல். ஆனால் 1950 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ பத்து இலட்சமாக இருந்த பிரெத்தோன் பேசுவோர் தொகை, 2018 இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாகக் குறைந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் முதியோர்.

கட்டடத்தின் இயல்பு வேறு, மொழியின் இயல்பு வேறு என்பதை இங்கு நாம் கருத வேண்டும். ஐம்பது ஆண்டுகள் பூட்டிக்கிடந்த தேவாலயத்தைச் சட்டமும் பொருளும் இருந்தால் சீரமைத்துவிடலாம். ஓத்தன் சிற்பம் எழுபது ஆண்டுகள் சாந்தின் அடியில் மறைந்திருந்தும் பெரும்பாலும் பழுதின்றி வெளிப்பட்டது. மொழியை அவ்வாறு பூசி மறைத்துவைத்து எடுக்க இயலாது. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்தினால், அடுத்த தலைமுறைக்கு அது பாடமாகிவிடும். அதற்கடுத்த தலைமுறைக்கு வெறும் பெயராகிவிடும்.

8. லூர்து முதல் ஓஃபிர் சாலை வரை

நிறைவாக, இவ்வரலாறு நம் வாயிலையும் தொட்டுச் செல்வதைச் சொல்ல விரும்புகிறேன்.

1858 இல் பிரனேய் மலையடிவாரத்து லூர்து என்னும் சிற்றூரில், பெர்னதெத் சுபிரூ என்னும் பதினான்கு வயது ஏழைச் சிறுமி, ஒரு குகையருகே பெண்ணொருவர் தனக்குக் காட்சி தந்ததாகக் கூறினாள். அவளுக்குப் பிரெஞ்சு சரிவரத் தெரியாது. அவள் பேசியது அவ்வட்டார ஓக்சிதான் கிளைமொழி. அப்பெண் தன்னோடு அம்மொழியிலேயே பேசினார் என்றும், தன்னைப் போன்ற சிறுமியையும் மரியாதைப் பன்மையில் அழைத்தார் என்றும் அவள் வியந்து கூறினாள். அவள் கேட்டதாகச் சொன்ன சொற்கள், 1864 இல் அக்குகையில் நிறுவப்பட்ட சிலையின் காலடியில் அம்மொழியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பள்ளிகளில் தண்டனைக்குரியதாக இருந்த ஊர்மொழி, உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து வணங்கும் இடத்தில் எழுத்தாக நிற்கிறது.

பிரெஞ்சு நாட்டுப்புறக் குடும்பங்களில் பிறந்த குருமார் பலர், பாரிஸ் வெளிநாட்டு மறைபோதகச் சபையின் வழியாகப் புதுச்சேரிக்கும், பினாங்குக்கும், சிங்கப்பூருக்கும் வந்தனர். அச்சபையைச் சேர்ந்த மூசே, துய்ப்புய் ஆகிய இருவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி புதுச்சேரியில் 1855 முதல் வெளிவந்தது. சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயம் 1888 இல் திறக்கப்பட்டது. லூர்தில் எழுந்த பேராலயத்தின் சாயலில் அமைந்தது அதன் வடிவம். 2005 இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடம் பிரெஞ்சு, அதற்குள் ஒலித்தது தமிழ். 813 இல் தூர் அவை வகுத்த நெறி, ஆயிரம் ஆண்டுகள் கடந்து, கடல் கடந்து, நம் மொழிக்கும் இடமளித்தது.

ஆசிரியப் பெருமக்களே! நம் இரு நாடுகளிலும் தமிழுக்குப் பள்ளியில் இடம் உண்டு. பிரெத்தோன் சிறுவன் சுமந்த மரத்துண்டை நம் பிள்ளைகள் எவரும் சுமக்கவில்லை. ஆனால் யாரும் கையில் கொடுக்காமலேயே அதைச் சுமக்கும் பிள்ளைகள் உண்டு. வகுப்பறையில் தமிழில் விடை எழுதி, வாயிலைக் கடந்ததும் தமிழில் பேசக் கூசும் மாணவன் அத்தகையவன். அந்தக் கூச்சத்தை நீக்கும் ஆற்றல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் உள்ளது. பொதுமொழியில் தேர்ச்சியும் தாய்மொழியில் உரிமையும் ஒருவனிடம் ஒருங்கே வாழ இயலும் என்பதைக் கிரெகுவார் காணத் தவறினார். நாம் தவற வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! என்றேனும் நீங்கள் பிரெஞ்சு நாட்டுப்புறம் செல்ல நேர்ந்தால், ஊர்த் தேவாலயத்தின் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். போதிகைகளையும் வாயிற்சிற்பத்தையும் நின்று காணுங்கள். பின்பு வெளியே திண்ணைக்கல்லில் அமர்ந்திருக்கும் முதியவரிடம், அவர் பாட்டி எந்த மொழியில் பேசினார் என்று கேளுங்கள். இன்று மாலை வீடு திரும்பியதும், அதே வினாவை உங்கள் பாட்டியிடம் தமிழிலேயே கேட்டுத் தொடங்குங்கள்.